சிம் கார்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்

போன வாரம் டீக்கடையில் எங்கள் பழைய ஆபீஸ் தம்பி ஒருவரைப் பார்த்தேன். அடுத்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். "சார், நோ டியூ சர்டிபிகேட் எல்லாம் வாங்கிட்டேன், வேற என்ன பாக்கணும்?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுபதாயிரத்துக்கு மேல் பணமும், ஒன்றேகால் வருடமும் மிச்சமாகியிருக்கும். பணத்தை விடப் பெரிய ஒன்றும் தப்பியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒரு மாநகராட்சியில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்தவன். 1989இல் பில் கலெக்டராகச் சேர்ந்து ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, முடித்தேன். சேரும்போது அது நகராட்சி. நடுவில் ஐந்து வருடம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நகராட்சியில் இருந்தேன். அங்கே என்னோடு பில் கலெக்டராக இருந்த ஒருவன் பின்னாலேயே எங்கள் ஊருக்கும் மாறி வந்தான். ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மார்ச் மாத வெயிலில் ஒரே வண்டியில் வசூலுக்குப் போவோம், நிலுவைக்காரர் வீட்டில் அவன் பேசுவான், நான் ரசீது போடுவேன். இருபத்தைந்து வருடம் மதியச் சாப்பாடு அவனோடுதான்.

அவன் 2020 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றான். ஊரடங்கு காலம். நாங்கள் எல்லோரும் தெருத் தெருவாகப் பிளீச்சிங் பவுடர், தடுப்புக் கட்டை என்று அலைந்துகொண்டிருந்தோம். கடைசி நாள் மாலை ஆறு மணி வரை வேலை பார்த்துவிட்டு, அடையாள அட்டையை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு முகக்கவசத்தோடு வீட்டுக்குப் போனான். மாலை இல்லை, விழா இல்லை, குடும்பத்தோடு ஒரு போட்டோ கூட இல்லை. ஒரு வாரத்தில் ஓய்வு வயதை 58இல் இருந்து 59 ஆக்கி அறிவிப்பு வந்தது, மே 31 அன்று போக வேண்டியவர்களில் இருந்துதான் அது பொருந்தும். ஒரு மாத வித்தியாசத்தில் அவனுக்குக் கைநழுவிப் போனது. 2021 பிப்ரவரியில் அதுவே 60 ஆனது. 1962 ஜூனில் பிறந்த எனக்கு இதனால் இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்து 2022 ஜூன் 30 வரை இருந்தேன். ஊரடங்கு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய் ஒரு சால்வை போட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

என் கடைசி மூன்று மாதம் மூச்சு விட நேரமில்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரிச் சீராய்வு வந்ததல்லவா, வீடு வீடாக அளவு சரிபார்ப்பு, நோட்டீஸ், ஆட்சேபணை மனு. போன் ஒரு நாளைக்கு நூறு தடவை அடிக்கும். அந்த போனில் இருந்தது ஆபீஸ் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆபீஸே கொடுத்த சி.யு.ஜி. சிம். பதினொரு வருடமாக எனக்கு அது ஒன்றுதான் நம்பர். பேங்க், ஆதார், கேஸ் புக்கிங், மகள் காலேஜ், சொந்தக்காரர்கள், எல்லாவற்றுக்கும் அதுதான். ஜூன் 30 சாயந்திரம் விழா முடிந்து, கழுத்தில் மாலையோடு போய் உட்கார்ந்தபோது எஸ்டாபிளிஷ்மென்ட் கிளார்க் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார், "சார், சிம்மு..." சட்டையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து நானே ட்ரேயைக் குத்தி இழுத்தேன். நகக்கண் அளவு அந்தச் சிம்மை அவர் ஒரு காக்கிக் கவரில் போட்டு, ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, மேலே என் பெயரும் வார்டும் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறேன். சிம் இல்லாத போன். புதுச் சிம் வாங்க நான்கு நாள் ஆனது, வாங்கிய பிறகுதான் தெரிந்தது யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை என்று. பாதி அந்தச் சிம்மிலேயே இருந்தது. வாட்ஸ்அப்போ பழைய நம்பரோடு போய்விட்டது, அந்த நம்பரைக் குரூப்பில் இருந்து எடுத்துவிட்டார்கள், அது ஆபீஸ் வேலைக்கான குரூப், எடுத்ததில் தப்பில்லை. ஆனால் என் புது நம்பர் அவர்களிடமும் இல்லை. என் இடத்துக்கு வந்த தம்பிக்கு அந்தச் சிம் போனது. என் பேங்க் ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, அவர் நல்ல பையன், கூப்பிட்டுச் சொல்ல நினைத்தாலும் எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்? பேங்கில் நம்பர் மாற்ற மூன்று நடை, ஆதாரில் மாற்ற இரண்டு நடை, கேஸ் ஏஜென்சி ஒரு நடை. ஜூலை முழுக்க இதிலேயே போனது.

ஆகவே முதல் விஷயம் இதுதான். ரிட்டையர்மென்டுக்கு ஆறு மாதம் முன்பே சொந்தச் சிம் ஒன்று வாங்கி எல்லா இடத்திலும் அந்த நம்பரைக் கொடுத்து மாற்றிவிடுங்கள். கடைசி வாரம் வேண்டாம், கடைசி வாரத்தில் உங்களால் எதுவும் செய்ய முடியாது. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், சொந்த நம்பர், வீட்டு விலாசம், கூடவே மனைவி அல்லது மகன் மகள் யாராவது ஒருவரின் நம்பர், இதைக் கையால் எழுதுங்கள். போனில் இருக்கிறதே என்று விடாதீர்கள். வீட்டு ஆள் நம்பர் ஏன் என்றால் நம் வயதில் ஆள் படுத்துவிட்டால் அவர் போனை யாரும் எடுப்பதில்லை. உங்களுக்கு முன்னால் ரிட்டையர் ஆனவர்களையும் அதில் சேருங்கள். இப்போது வேலையில் இருப்பவர்களை விட உங்களுக்கு அவர்கள்தான் தேவைப்படுவார்கள்.

முதல் இரண்டு மாதம் எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். காலை எட்டரைக்குக் குளித்து, பேன்ட் சட்டை போட்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லமாட்டாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஆபீசுக்குப் போனேன். போன நேரம் சரியில்லை, திங்கட்கிழமை காலை, மனு வாங்கும் நாள், கூட்டம். கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "என்ன வேணும் சார், வரிசையில வாங்க" என்றது. அந்தக் கவுன்டரை அங்கே போடச் சொல்லி எழுதியதே நான்தான். உள்ளே எனக்குத் தெரிந்த ஆறேழு பேர் இருந்தார்கள், எல்லோரும் வேலையில் இருந்தார்கள், ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டு, "சார் ஒரு அஞ்சு நிமிஷம்" என்று போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. அவர்மேல் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. இனி இந்தப் படி ஏறக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். அந்த ரோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். மாநில அரசு ஊழியர்களின் பென்ஷன் கோப்பு மாநிலக் கணக்காயருக்குப் போகும், எங்களைப் போன்ற உள்ளாட்சி ஆட்களுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைக்குப் போகும். என் கோப்பு செப்டம்பரில் திரும்பி வந்தது. 1996இல் அந்த இன்னொரு நகராட்சியில் இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து 47 நாள் மருத்துவ விடுப்பில் இருந்தேன். விடுப்பு அனுமதி உத்தரவு எஸ்.ஆரில், அதாவது பணிப் பதிவேட்டில், பதிவாகவில்லை, அடுத்த இன்கிரிமென்ட் பதிவில் கையெழுத்தும் இல்லை. சரிசெய்து அனுப்பும்வரை தற்காலிக பென்ஷன்தான், ஓய்வின்போது மொத்தமாக வரும் கிராஜுவிட்டி கிடையாது. நவம்பரில் மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கிராஜுவிட்டியை நம்பித்தான் மண்டபம் பேசியிருந்தேன். அக்டோபரில் நகையை பேங்கில் வைத்து 4 லட்சம், 9 சதவீத வட்டி. தெரிந்தவர் ஒருவரிடம் கைமாற்று 2 லட்சம், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய். பதினொரு மாதம் கட்டினேன். பேங்குக்கு 33,000, அவருக்கு 44,000, ஆக 77,000 ரூபாய் வட்டியாகவே போனது. அந்த ஊருக்கு ஒன்பது தடவை பஸ்ஸில் போய் வந்தேன். போன ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், "அவ்வளவு பழைய ரெக்கார்டு இங்க இல்லீங்க."

எஸ்.ஆரை எனக்கு ஒரு வருடம் முன்பே காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஊர் மாறிய இடங்களில் மாறுதல் உத்தரவு இருக்கிறதா, ஒவ்வொரு இன்கிரிமென்டுக்கும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா, நீண்ட விடுப்புகள் ஏறியிருக்கிறதா. முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். எங்கே சந்தேகமோ அந்தக் காலத்தில் கூட இருந்தவர் யார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பதிவேடு எங்கே போனது என்பது ஆபீசுக்குத் தெரியாது, ஆளுக்குத்தான் தெரியும்.

எனக்கும் அந்த ஆள் யார் என்று தெரியும். மாப்ளதான். நான் விடுப்பில் இருந்த நாட்களில் என் வார்டையும் சேர்த்துப் பார்த்தவன் அவன், அந்த ஊர் ரெக்கார்டு ரூம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் இரண்டு வருடமாகப் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது காரியத்துக்காக எந்த முகத்தோடு போவது? இந்தக் கூச்சத்திலேயே ஐந்து மாதம் போனது. 2023 மார்ச்சில், வேறு வழியே இல்லை என்றானபிறகு, ஒரு சீப்பு வாழைப்பழமும் அந்தச் சால்வையும் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது தங்கச்சி. அப்படித்தான் அவன் மனைவியைக் கூப்பிடுவேன். நெற்றியில் பொட்டு இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. டிசம்பரில் நெஞ்சுவலி, இரண்டே நாள். "உங்க பழைய நம்பருக்குப் போட்டேண்ணே, யாரோ எடுத்து, அவர் ரிட்டையர் ஆயிட்டாருன்னாங்க. ஆபீஸ் குரூப்புல போட்டாங்களாம், நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். மாப்ள வரலியேன்னு அவரு ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தாரு." சால்வையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே முடியவில்லை. அன்றைக்குப் பதிவேட்டைப் பற்றி நான் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்து அழுதேன், அறுபது வயதில், அத்தனை பேர் நடுவில்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அப்போதுதான் தெரிந்தது, தங்கச்சிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, ஆனால் அவன் பென்ஷனில் மாதாமாதம் பிடித்த குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய்க்கு அவள் எழுதியே கொடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சொல்வதற்கு யாரும் வரவில்லை. நாங்கள் இருநூறு பேர் இருக்கிற ஆபீஸ். விண்ணப்பத்தை நான் எழுதி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று சேர்த்துக் கொடுத்தேன், நான்கு மாதத்தில் வந்தது. அந்த வேலைக்காக, ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அக்கா ஒருவரின் நம்பரைத் தங்கச்சிதான் கொடுத்தாள், மாப்ள ஒரு பழைய டைரியில் எல்லோருடைய நம்பரும் எழுதி வைத்திருந்தான். நான் மேலே சொன்ன நோட்டு அவனிடம் கற்றதுதான். அக்காவிடம் பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். கேட்டு முடிக்குமுன் அக்கா சொன்னார், "தம்பி, 98க்கு முந்தின சம்பளப் பட்டியல் எல்லாம் கட்டடம் இடிச்சப்ப பழைய வாட்டர் டேங்க் ரூமுக்கு மாத்துனாங்களே. ஆபீஸ்ல இருக்காது." அடுத்த வியாழக்கிழமை அந்த அறையில், கரையான் அரித்த மூட்டைகளுக்கு நடுவில், 1996ஆம் வருடப் பட்டியலும் விடுப்பு உத்தரவின் நகலும் கிடைத்தன. இத்தனை வருடமாக ஒரு சிவப்பு நாடாவில் கட்டி அங்கேயே கிடந்திருக்கிறது. ஒரு போன், ஒரு வாரம். செப்டம்பர் 2023இல் பணம் வந்தது, அன்றே நகையைத் திருப்பினேன்.

அதே அக்கா இன்னொன்றும் கேட்டார். "உனக்கு இன்கிரிமென்ட் ஜூலை ஒண்ணு தானே? நோஷனல் போட்டாங்களா?" போடவில்லை. இன்கிரிமென்ட் தேதிக்கு முந்தைய நாள் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பென்ஷன் கணக்குக்காக மட்டும் ஒரு இன்கிரிமென்டைச் சேர்த்துக்கொள்ள 2014 டிசம்பர் 31 தேதியிட்ட அரசாணை இருக்கிறது. கோப்பு மறுபடி போகும்போது அதையும் சேர்த்து எழுதினோம். எனக்கு மாதம் 850 ரூபாய் அடிப்படையில் கூடியது, அகவிலைப்படி அதற்கு மேல். உங்கள் ஓய்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் வந்தால் இதை மறக்காமல் பாருங்கள். இன்சூரன்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். நான் ஓய்வு பெற்ற மறுநாள், 2022 ஜூலை 1, ஓய்வூதியருக்கான புது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது, மாதம் 497 ரூபாய் பிடித்தம், நான்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அதற்கு நான் கொடுக்க வேண்டிய படிவத்தைக் கொடுக்கவே இல்லை, கேட்கவும் ஆளில்லை. வீட்டுக்காரிக்குக் கண்புரை ஆபரேஷன் கைக்காசில் நடந்தது, 28,000.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். 2023 அக்டோபரில் ஐந்து பேராக ஆரம்பித்தோம், இப்போது முப்பத்தொரு பேர். மாதம் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணி, மாநகராட்சிப் பூங்காவில் வேப்பமரத்தடி. தேதியையும் இடத்தையும் மாற்றுவதே இல்லை, மழை பெய்தால் எதிரே டீக்கடை. "ஒருநாள் எல்லாரும் சேர்வோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒருநாள் வராது, நான் பார்த்துவிட்டேன். தலைக்கு நூறு ரூபாய், மாலைக்கும் ஆஸ்பத்திரி பார்க்கப் போகும் செலவுக்கும். கடன் கொடுப்பதில்லை, சீட்டுப் பிடிப்பதில்லை, இதில் கறாராக இருக்கிறோம், ஏனென்றால் பணம் கொடுக்கல் வாங்கலில் உடைந்த இரண்டு குழுக்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வாட்ஸ்அப் குரூப்பில் அரசியல் வேண்டாம், குட்மார்னிங் படம் வேண்டாம், பென்ஷன் சேதி, உடம்பு சேதி, விசேஷம், துக்கம் மட்டும். துக்கச் சேதியை மட்டும் குரூப்பில் போட்டுவிட்டு விடுவதில்லை. ஒருவர் ஆறு பேருக்கு வாயால் போன் செய்து சொல்லியாக வேண்டும். இதை நான்தான் வற்புறுத்தினேன்.

தூய்மைப் பணியாளர்களையும் மேஸ்திரிகளையும் முதலில் விட்டுவிட்டோம், அது எங்கள் தப்பு. பலரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, அரசாணை படிக்கத் தெரியாது, பென்ஷன் புத்தகத்தை யாரோ அடமானமாக வாங்கி வைத்திருப்பார்கள். இந்தக் கூட்டம் யாருக்காவது அவசியம் என்றால் அவர்களுக்குத்தான். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். வருடா வருடம் வாழ்நாள் சான்று கொடுக்கும் சமயத்தில் எங்களில் இரண்டு பேர் வண்டி வைத்து அவர்களை அழைத்துப் போகிறோம்.

வேலையில் இருக்கும் நண்பர்களைப் பார்க்க நானும் போகிறேன், ஆனால் திங்கட்கிழமையும் மார்ச் மாதமும் கிடையாது. சாயந்திரம் நாலு மணிக்கு, டீ நேரத்தில், முன்னாடியே போன் செய்துவிட்டு, இருபது நிமிடம். கோப்பைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் அதை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் பேசுவேன், விதிக்கு மீறி எதையும் கேட்பதில்லை. காரியம் இல்லாமல் மூன்று தடவை போனால்தான் நான்காவது தடவை காரியத்தோடு போக மனசு இடம் கொடுக்கிறது. அந்தக் கவுன்டர் பெண் இப்போது என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறது. போன தைக்கு அதன் கல்யாணத்துக்கு எங்கள் குழுவில் பதினாறு பேர் போனோம்.

அடுத்த மாதம் 30ஆம் தேதி அந்தத் தம்பிக்கு விழா. அவருக்குக் கொடுக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் எங்கள் முப்பத்தொரு பேர் நம்பரையும் நானே எழுதியிருக்கிறேன். முப்பத்திரண்டாவதாகத் தங்கச்சி வீட்டு நம்பர். அவர் மாப்ளயின் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்தவர், இன்னும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. விழா முடிந்து வரும் ஞாயிறு நானும் அவரும் போகிறோம்.